ருசல்காவுக்கு அப்பால்: வாசகர் கேள்வி பதில்

கடந்த இதழில் செக் இசையமைப்பாளர் அன்டோனின் துவோர்ஷாக்கின் (1841–1904) மறக்கப்பட்ட ஓபராக்கள் (பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகங்கள்) இப்போது மீண்டும் மேடையேறி வருவதைப் பற்றி எழுதியிருந்தோம். வன்னியிலிருந்து இத்தனை கடிதங்கள் வருமென்று எதிர்பார்க்கவில்லை. இடம் போதாததால் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

துவோர்ஷாக் பத்து ஓபரா எழுதினார் என்கிறீர்கள். உலகம் முழுக்க ருசல்கா ஒன்றைத்தானே பாடுகிறார்கள்? மற்றவை நன்றாயில்லை என்பதுதானே பொருள்?
உயர்தர மாணவர், கிளிநொச்சி

சிலது நன்றாயில்லை என்பது உண்மைதான். வாண்டா ஐந்து அங்கம். நடுவில் கதை அசையாது. கடைசியாக எழுதிய ஆர்மிடாவில் பாட்டு இருக்கும் அளவுக்குக் கதைவசனத்தில் உயிர் இல்லை. ஆனால் யாக்கோபின் (1889), பிசாசும் காச்சாவும் (1899), டிமித்ரி (1882) மூன்றும் ஒதுங்கிப் போனதற்குத் தரம் காரணமல்ல.

முதலாவது தடை மொழி. செக் மொழியில் பாடத் தெரிந்தவர்கள் அந்த நாட்டுக்கு வெளியே குறைவு. இரண்டாவது தடை பிரதிகளின் குழப்பம். 'அரசனும் கரி சுடுபவனும்' என்ற ஓபராவை 1871இல் எழுதிக் கொடுத்தார். ஒத்திகை பார்த்த நாடகசாலை, இதைப் பாடவே முடியாது என்று கைவிட்டது. அதே கதைவசனத்துக்குப் பழைய மெட்டு ஒன்றைக்கூட எடுக்காமல் 1874இல் முழுவதும் புதிதாக இசை போட்டார். முதல் வடிவம் 1929இல்தான் மேடை கண்டது. ஆல்ஃபிரட் 1870இல் எழுதப்பட்டு 1938 வரை மேடையேறவில்லை. மூன்றாவது அரசியல். இன்னொரு செக்காரரான ஸ்மெத்தனாதான் உண்மையான தேசிய இசையமைப்பாளர், துவோர்ஷாக் ஓபராவுக்கு லாயக்கில்லாதவர் என்று ஸ்டெனெக் நெயெட்லி என்ற விமர்சகர் ஆண்டுக்கணக்கில் எழுதினார். பிற்காலத்தில் அவரே கல்வி அமைச்சராகவும் வந்தார். அப்படிப்பட்டவரின் தீர்ப்பு நூலகங்களிலும் பாடத்திட்டங்களிலும் தங்கிவிடும்.

துவோர்ஷாக்குக்கே இது தெரியும். உலகம் தன்னை சிம்பனிக்காரன் என்று பார்க்கிறது, தன் மனம் நாடக இசையில்தான் என்று சாவதற்குச் சில வாரங்கள் முன் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பாடசாலையில் ஒரு கீபோர்ட், ஒரு ஆர்மோனியம், மிருதங்கம், நன்றாகப் பாடும் பிள்ளைகள் இருபது பேர் இருக்கிறார்கள். இவற்றில் எதையாவது செய்ய முடியுமா? செலவு அதிகம் முடியாது.
சங்கீத ஆசிரியை, மல்லாவி

முழு ஓபரா வேண்டாம். யாக்கோபினின் இரண்டாம் அங்கத் தொடக்கத்தை எடுங்கள்.

கதை இதுதான். ஒரு சிற்றூரின் பிரபு தன் மகன் பொஹுஷை, பாரிஸில் புரட்சிக்காரரோடு சேர்ந்துவிட்டான் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார். அவன் மனைவி யூலியோடு அடையாளம் மறைத்து ஊர் திரும்புகிறான். கடைசியில், இறந்துபோன தன் மனைவி முன்பு பாடிய தாலாட்டை மருமகள் பாடக் கேட்டுக் கிழவர் இளகுகிறார். வெளிநாட்டிலிருந்து திரும்புகிற மகன் கதையை வன்னியில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் நீங்கள் எடுக்கவேண்டியது அந்தப் பகுதியல்ல. இரண்டாம் அங்கத்தில் பெந்தா என்ற ஊர்ப் பள்ளி ஆசிரியர், வரவேற்புப் பாட்டுக்காகச் சிறுவர்களையும் ஊரவரையும் வைத்து ஒத்திகை பார்க்கிறார். சிறுவயதில் தனக்கு ஸ்லோனிட்ஸ் ஊரில் இசை சொல்லித் தந்த அன்டோனின் லீமன் ஆசிரியரை மனதில் வைத்துத்தான் துவோர்ஷாக் இந்தப் பாத்திரத்தை ஆக்கினார். பாடசாலைப் பிள்ளைகள் பாடசாலைப் பிள்ளைகளாகவே நடிக்கலாம். உடுப்புச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

தேவை: பெந்தாவுக்கு ஒரு ஆண் மேல்குரல், அவர் மகள் தெரின்காவுக்கு ஒரு பெண் மேல்குரல், அவள் விரும்பும் யிர்ஷிக்கு இன்னொரு ஆண் மேல்குரல், சிறுவர் 16 முதல் 20, பெரியவர் 12 பேர். பெரியவர்களைப் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் கேளுங்கள். பிரித்துப் பாடும் பழக்கம் அங்கேதான் இருக்கிறது. தெரின்காவையும் அங்கேயே தேடுங்கள். ஐந்து கட்டைச் சுருதியில் கர்நாடக சங்கீதம் பாடிப் பழகிய குரலுக்கு மேல் பஞ்சமத்துக்கு மேலே இடமில்லை. தெரின்காவின் பாட்டோ அதற்கும் மேலே போகிறது. அவளுக்காகச் சுருதியை இறக்கினால் யிர்ஷி கிணற்றுக்குள் போய்விடுவான்.

வாத்தியத்தில் மூன்று இடத்தில் பிழை வரும். ஒன்று மிருதங்கம். அது ஒரே சுருதிக்குக் கட்டியது. இந்த இசையில் ஆதார சுரம் அடிக்கடி மாறும். மாறிய இடத்தில் வலந்தலை (வலக்கைப் பக்கம்) பழைய சட்ஜத்தையே சொல்லிக்கொண்டிருக்கும், காதுக்கு நாராசம். மிருதங்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். தாளம் வேண்டுமென்றால் பாண்ட் குழுவின் சிறிய டிரம் போதும், அதுவும் சிறுவர் பாடும் இடத்தில் மட்டும். இரண்டு, ஆர்மோனியம். மெட்டை அப்படியே கூட வாசித்தால் பாடகர் அதில் சாய்ந்துகொண்டு தன் பாகத்தை விட்டுவிடுவார். ஆர்மோனியம் கீழ்ச்சுரத்தை மட்டும் பிடிக்கட்டும், கீபோர்ட் மற்றதைப் பார்க்கட்டும். மூன்று, கீபோர்டில் உள்ள சுருதி மாற்றும் பொத்தான். யாரோ திருவிழாவுக்கு வாசித்துவிட்டு இரண்டு கட்டை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒத்திகை தொடங்கும் ஒவ்வொரு நாளும் முதலில் அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, நடு 'சி'யைச் சுருதிக் குழலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குச் சுரமாக எழுதிக் கொடுப்பதானால் ச என்பது 'சி' என்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதார சுரம் மாறும்போது ச வையும் மாற்றினால் எல்லாரும் தொலைந்துபோவார்கள். கமகம் வேண்டாம். ஒருவர் தனியே பாடும்போது கமகம் அழகு. நாலு பேர் நாலு சுரத்தில் நிற்கும்போது ஒருவர் அசைத்தாலும் கூட்டு ஒலி கலங்கிவிடும்.

பத்து வாரம் போதும். முதல் மூன்று வாரம் பாகம் பாகமாகத் தனித்தனியே, அடுத்த நாலு வாரம் சேர்த்து, கடைசி மூன்று வாரம் நடிப்போடு. பலர் முதல் வாரமே மேடையில் நிற்க வைத்துவிடுகிறார்கள். கை கால் அசையத் தொடங்கினால் மூச்சு ஓடிவிடும், பாடம் பதியாது. இருபது நிமிடத்துக்குள் அடக்குங்கள். வெட்டும்போது, வெட்டு தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒரே ஆதார சுரம், ஒரே தாளம் என்று பார்த்து வெட்டவேண்டும். கதைக்காக மட்டும் வெட்டினால் பாடகர் அந்தரத்தில் நிற்பார். வெட்டியபின் எல்லாருடைய கொப்பியிலும் புதிய இலக்கம் போடுங்கள். ஒருவருடைய கொப்பியில் பழைய இலக்கம் இருந்தால் ஒரு ஒத்திகையே வீண்.

தமிழில் எழுதிப் பார்த்தேன். பொருள் சரியாக வருகிறது, பாடினால் ஒட்டவில்லை. எங்கே பிழை?
பாடல் எழுதுபவர், முல்லைத்தீவு

அனுப்பிய இரண்டு பக்கத்தையும் பாடிப் பார்த்தோம். பொருளை முதலில் எழுதிவிட்டு அதைச் சுரத்துக்குள் அடைத்திருக்கிறீர்கள். வேலையை மறுபுறமிருந்து தொடங்குங்கள்.

ஒரு நல்ல செய்தி: செக் மொழியில் சொல்லின் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். அதனால் துவோர்ஷாக்கின் வரிகள் பெரும்பாலும் தாளத்தின் பலமான இடத்திலேயே எடுக்கின்றன. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் மொழிபெயர்ப்பவர்கள் முன்னால் ஒரு சிறு சொல் வேண்டுமென்று இல்லாத சுரத்தைச் சேர்ப்பார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழ்ச் சொல்லும் தலையிலேயே ஊன்றுகிறது. செக்கிலும் குறில், நெடில் வேறுபாடு உண்டு. அழுத்தம் வேறு, நீட்டல் வேறு என்பதும் நம்மைப் போலவே. இந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் வரியின் சுரங்களை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் குறிலா நெடிலா ஒற்றா எது தாங்கும் என்று குறியுங்கள். மிக உயர்ந்த சுரம், மிக நீண்ட சுரம் இரண்டையும் வட்டமிடுங்கள். மூல வரியில் அந்த இடத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். அந்தச் சொல்லின் பொருள்தான் தமிழிலும் அங்கே நிற்கவேண்டும். மற்றச் சொற்கள் இடம் மாறலாம். இதற்குப் பின்தான் தமிழ் வரி. இரண்டு சுரத்தை ஒரே அசையில் சேர்த்துப் பாடலாம், ஒரு சுரத்தை உடைத்து இரண்டு அசை போடக்கூடாது. உடைத்தால் மெட்டு துவோர்ஷாக்கினுடையது அல்ல.

உங்கள் பக்கத்தில் பெந்தா சிறுவர்களைப் பார்த்து 'எல்லாரும் சேர்ந்து' என்று நீண்ட மேல்சுரத்தில் முடிக்கிறார். கடைசி 'து' குற்றியலுகரம். நாலு எண்ணிக்கை அதைப் பிடித்தால் 'தூ' என்று கேட்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். 'சேர்ந்தே பாடுங்கள்' என்றால் கடைசியில் ள் வந்து வாயை அடைக்கிறது. நம் பேச்சில் உள்ளபடி 'சேர்ந்தே பாடுங்கோ' என்று போடுங்கள். ஓ திறந்து நிற்கும், எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம். வாங்கோ, இருங்கோ, கேளுங்கோ: வடபுலப் பேச்சு இந்த வேலைக்கென்றே செய்தது போலிருக்கிறது. எழுத்துத் தமிழ் கௌரவம் என்று நினைத்து இதை விலக்கவேண்டாம்.

மேல்சுரத்தில் இ, உ வேண்டாம். ஆ, ஏ, ஓ தேடுங்கள். ட்ட, த்த, க்க போன்ற இரட்டிப்புக்கு முன்னுள்ள உயிரை நீட்ட முடியாது, ஒலி வெட்டுப்படும். 'பட்ட' என்பதை நீண்ட சுரத்தில் போட்டால் பாடகர் 'பாட்ட' என்று பாடுவார், வேறு வழியில்லை. ம், ன் பிரச்சினையில்லை.

யார் யாரை எப்படி அழைப்பது என்பதிலும் சறுக்கியிருக்கிறீர்கள். எல்லாரும் எல்லாரையும் 'நீங்கள்' என்கிறார்கள். கோட்டை அதிகாரி பிலிப், பெந்தாவை 'நீர்' என்பான். பெந்தா அவனை 'ஐயா, நீங்கள்' என்பார். பெந்தா சிறுவர்களை 'நீ' என்பார். நகைச்சுவையே இந்த ஏற்றத் தாழ்வில்தான் இருக்கிறது. நீர் ஓரசை என்பதால் பிலிப்பின் வேகமான வரிகளுக்கு வசதியும்கூட. பெயர்களை மாற்றவேண்டாம். ஆனால் 'பெண்டா' என்று எழுதாமல் 'பெந்தா' என்று எழுதுங்கள். காரணம் வகுப்பறையில் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

இன்னொரு செக்காரர் மார்ட்டினூ எழுதிய பாலத்து நகைச்சுவை பற்றிக் கேள்விப்பட்டோம். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தவர்களுக்கு அது உடனே விளங்கும். போடலாமா? உரிமை கேட்கவேண்டுமா?
நாடகக் குழு, வவுனியா

போடவேண்டிய நாடகம்தான். 1935இல் வானொலிக்காக எழுதியது, 1937இல் ஒலிபரப்பானது. போரிடும் இரு படைகளுக்கு நடுவே ஒரு பாலம். ஒரு பெண் பாஸ் காட்டிப் பாலத்தில் ஏறுகிறாள். அந்தப் பக்கத்துக் காவல்காரன் அந்தப் பாஸ் செல்லாது என்கிறான், இந்தப் பக்கத்தவன் திரும்ப விட மறுக்கிறான். இப்படி ஒவ்வொருவராக நடுவில் மாட்டுகிறார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் மட்டும், சுற்றி மதில் உள்ள இடத்திலிருந்து மான் எப்படித் தப்பும் என்ற விடுகதைக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார். பாடுபவர் ஐவர், பேசுபவர் மூவர், சிறிய வாத்தியக் குழு, சுமார் 35 நிமிடம்.

உரிமை கேட்டே ஆகவேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இலங்கையில் படைப்பாளி இறந்து 70 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. மார்ட்டினூ இறந்தது 1959. ஆகவே 2029 முடியும்வரை காத்திருக்கவேண்டும், அல்லது பதிப்பகத்துக்கு எழுதவேண்டும். கடிதத்தில் திகதி, மண்டபம், எத்தனை இருக்கை, கட்டணமா இலவசமா, என்ன வாத்தியம் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். தமிழாக்கத்துக்குத் தனி அனுமதி கேளுங்கள். மேடை அனுமதி அதை உள்ளடக்காது. தமிழாக்கத்தின் உரிமையையும் தாங்களே வைத்துக்கொள்வதாகப் பதில் வரலாம், கையெழுத்திடுமுன் வாசியுங்கள். மூன்று மாதம் முன்னதாக எழுதுவது நல்லது.

துவோர்ஷாக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இசையமைப்பாளரின் ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது. 'யாக்கோபின்' ஓபராவுக்குக் கதைவசனம் எழுதிய மரியே செர்வின்கோவா-ரீக்ரோவா 1895இல் இறந்தார். பிசாசும் காச்சாவும் எழுதிய அடோல்ஃப் வேனிக் 1940இல். இருவரின் காலமும் முடிந்துவிட்டது. குரலும் பியானோவும் உள்ள பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அண்மையில் ஆய்வு செய்து வெளியிட்ட பதிப்பைப் பிரதியெடுப்பது வேறு விடயம், அதற்கு உரிமை உண்டு.

எங்கள் அப்பு ஆடிய கோவலன் கூத்துக்கு இரண்டு கொப்பி இருக்கிறது. ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. நல்லதை எல்லாம் எடுத்து ஒன்றாக்கி அச்சிட நினைக்கிறோம். சரிதானே?
அண்ணாவியார் குடும்பம், ஒட்டுசுட்டான்

தயவுசெய்து செய்யவேண்டாம். டிமித்ரிக்கு இதுதான் நடந்தது. 1882இல் ஒரு வடிவம், 1894இல் துவோர்ஷாக்கே பெரிதும் மாற்றிய இன்னொரு வடிவம். அவர் இறந்தபின் கரெல் கோவர்ஷோவிட்ஸ் என்ற நடத்துநர் 1906இல் இரண்டையும் கலந்து ஒரு பிரதி செய்தார். அதுவே பல பத்தாண்டு ஓடியது. கலந்த பிரதி பழகிவிட்டால் எது யாருடையது என்று பிரித்தெடுக்க ஒரு ஆய்வாளரின் அரை ஆயுள் போகும்.

இரண்டு கொப்பியையும் பக்கம் பக்கமாக, மட்டை உட்பட, பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதிய பெயர், திகதி, 'இங்கே நிற்பாட்டு' போன்ற குறிப்புகளை விடாதீர்கள். எந்த ஊரில் எந்த ஆண்டு ஆடியது என்பதற்கு அவைதான் சாட்சி. பிறகு ஒரு கொப்பியை அடிப்படையாக வைத்து அதை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்து, மற்றதில் உள்ள வேறுபாட்டைப் பக்கத்தின் அடியில் போடுங்கள். பிழை என்று தெரிந்தாலும் மேலே திருத்தவேண்டாம், அடியில் சொல்லுங்கள். பாடத் தெரிந்தவர் ஒருவராவது இருந்தால் மெட்டை ஒலிப்பதிவு செய்யுங்கள். தாளம் தனியாக, பாட்டு தனியாக, இரண்டும் சேர்த்து என்று மூன்று தடவை. மேடைக்கு எந்த வரியை எடுப்பது என்பது அதற்குப் பிறகு நீங்கள் முடிவு செய்யவேண்டியது, அதில் முழுச் சுதந்திரம் உண்டு. அச்சில் அந்தச் சுதந்திரம் வேண்டாம்.

இடப்பெயர்வில் எத்தனையோ கொப்பி போய்விட்ட மண்ணில் இரண்டு மிஞ்சியதே பெரிய விடயம். மார்ட்டினூ 'கிரேக்கப் பாடுகள்' ஓபராவின் முதல் வடிவத்தை லண்டன் நிராகரித்தபோது கையெழுத்துத் தாள்களை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டார். அலேஷ் ப்ரெசினா என்ற ஆய்வாளர் அவற்றைப் பல இடத்திலிருந்து சேர்த்து, 1999இல் ஆஸ்திரியாவின் ப்ரெகென்ஸில் மேடையேற வைத்தார். உங்கள் ஊர்க் கூத்தில் ஒரு பாத்திரம் மட்டும் ஆடியவர் தன் பாட்டை மட்டும் எழுதி வைத்த கொப்பி எங்காவது இருக்கலாம். கனடாவில் உள்ள உறவினரிடமும் கேளுங்கள்.

கூத்தே மூச்சுத் திணறுகிறது. இதில் செக் ஓபரா எதற்கு?
வாசகர், புதுக்குடியிருப்பு

ஒட்டுசுட்டான் கேள்விக்கான பதிலைப் பாருங்கள். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். விருப்பமில்லையென்றால் கூத்தை மட்டும் செய்யுங்கள், எங்களுக்கு மகிழ்ச்சியே.

மூல மொழியிலேயே பாடி, பொருளைத் திரையில் காட்டலாமா?
ஆசிரியர், மாங்குளம்

தனிப் பாட்டுக்குச் செய்யலாம், ருசல்காவின் நிலவுப் பாட்டுப் போல. சிரிக்க வைக்கும் காட்சிக்கு வேண்டாம், கண் திரையில் நின்றுவிடும். இந்த முறை 1983இல் கனடாவின் டொரொண்டோவில் தொடங்கியது. அதன் பிறகுதான் செக் ஓபராக்களை மூல மொழியிலேயே போட மற்ற நாடுகளுக்குத் துணிவு வந்தது. ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு நாலைந்து சொல், குறைந்தது 5 செக்கன். பாடகர் பாடுமுன் பகிடியைத் திரையில் போட்டுவிடக் கூடாது. இன்னொன்று: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து, அது இல்லாத மண்டபத்துக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துத்தான் வரும். யூனிகோடில் அடியுங்கள், அல்லது ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றி எடுத்துச் செல்லுங்கள்.

எங்கள் மண்டபம் தகரக் கூரை. ஒலிபெருக்கி இல்லாமல் கேட்குமா? எந்த மாதம் நல்லது?
அதிபர், நெடுங்கேணி

ஐப்பசி முதல் மார்கழி வரை நினைக்கவே வேண்டாம். ஒரு மழை வந்தால் தகரம் பாடும், பிள்ளைகள் பாடுவது கேட்காது. காலபோக நெல் அறுவடை முடிந்து, வைகாசியில் வரும் வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னுள்ள வாரங்கள் நல்லது. ஊரில் ஆளும் இருக்கும், கையில் நேரமும் இருக்கும். வெயிலில் காய்ந்த தகரம் பொழுது பட்டபின் சுருங்கும்போது டக் டக்கென்று சத்தமிடும். 7.30க்குத் தொடங்கினால் அது அடங்கியிருக்கும்.

200 பேர் வரை உள்ள மண்டபத்தில் பிள்ளைகள் 20 பேர் சேர்ந்து பாடுவது ஒலிவாங்கி இல்லாமலே கேட்கும். தனியே பாடுபவர்களுக்காக மேடை விளிம்பில் நிலத்தில் இரண்டு ஒலிவாங்கியைத் துணி விரித்து வையுங்கள். ஆளுக்கொன்று கையில் கொடுக்கவேண்டாம். பெட்டிகளை மேடைக்கு முன்னால், சபையைப் பார்த்து வையுங்கள். பின்னால் வைத்தால் கூவும். பின்சுவர் வெறும் சீமெந்தாக இருந்தால் சொற்கள் எதிரொலித்துக் கலங்கும். நாலைந்து பழைய படங்குகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள், சுவரோடு ஒட்டவேண்டாம்.

மின்சாரம் போகும் என்று ஜெனரேட்டர் வைப்பீர்கள். அதை மண்டபத்திலிருந்து 30 மீற்றராவது தள்ளி, காற்று போகும் பக்கத்தில் வையுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கிய வைகாசி என்றால் வடகிழக்கு மூலை. மற்றப் பக்கத்தில் வைத்தால் சத்தத்தைக் காற்றே உள்ளே கொண்டுவந்துவிடும். கீபோர்டின் வயரையும் விளக்கு வயரையும் ஒன்றாகக் கட்டாதீர்கள், இரையும்.